கார்போனாரா காத்திருக்காது: நண்பர்களுடன் அருகிலுள்ள இத்தாலிய உணவகத்தில் சாப்பிடுவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நாங்கள் எட்டுப் பேர் ஒருமுறை சிறிய இத்தாலிய உணவகம் ஒன்றுக்குச் சென்று, எட்டு வெவ்வேறு உணவுகளை ஒரே மூச்சில் சொல்லி முடித்தோம். பீட்சா கேட்ட இருவருக்கும் பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. ரிசோட்டோ என்ற அரிசி உணவைக் கேட்டவருக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இடையில் முட்டையும் சீஸும் சேர்ந்த கார்போனாரா பாஸ்தா வந்து சேர்ந்த நண்பர், எல்லோருக்கும் வந்தபின் சாப்பிடுவதே மரியாதை என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் அவர் முள்கரண்டியைச் செருகித் தூக்கியபோது, முட்டையும் சீஸும் பசைபோல இறுகிப்போய், தட்டிலிருந்த ஸ்பகெட்டி முழுவதும் ஒரே உருண்டையாக எழும்பி வந்தது. சமைத்தவர் மீது தவறில்லை. ஆர்டர் செய்த விதத்தில்தான் தவறு.

அன்றிலிருந்து நான் கடைப்பிடிக்கும் முறையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். இத்தாலிய உணவகத்தில் குழுவாகச் சாப்பிடுவோர், எந்த உணவு சுவையானது என்று ஆராய்வதற்கு முன், எது எப்போது மேசைக்கு வரும், வந்தபின் எவ்வளவு நேரம் தாங்கும் என்ற இரண்டையும் தெரிந்துகொள்ள வேண்டும். நான்கு முதல் பத்துப் பேர் வரையிலான குழுவையும், இரண்டு அல்லது மூன்று சமையல்காரர்கள் மட்டுமே உள்ள சிறிய சமையலறையையும் மனத்தில் வைத்தே பின்வருவன எழுதப்பட்டுள்ளன.

படி 1: உணவகத்தின் பலம் எதுவென்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

இத்தாலியில் ரிஸ்டோரான்டே என்றால் முறையான உணவகம். டிராட்டோரியா என்றால் எளிமையான, பெரும்பாலும் ஒரு குடும்பமே நடத்தும் இடம். ஒஸ்டேரியா என்பது தொடக்கத்தில் ஒயின் விற்கும் கடையாக இருந்து, பிறகு சில உணவுகளையும் சேர்த்துக்கொண்டது. பிட்சேரியா என்பது பீட்சாவுக்கென்றே உள்ளது. இத்தாலிக்கு வெளியே இந்தப் பெயர்களை அவரவர் விருப்பம்போல் வைத்துக்கொள்கிறார்கள் என்பதால், பெயர்ப்பலகையைப் பார்ப்பதைவிட உணவுப்பட்டியலையும் அடுப்பையும் பார்ப்பது நல்லது. ஒரு பக்கத்துக்குள் அடங்கும் பட்டியல், அங்கே ஒவ்வொன்றையும் அடிக்கடி சமைக்கிறார்கள் என்பதற்கு அடையாளம். அறுபது வகைப் பாஸ்தா உள்ள பட்டியலைக் கண்டால் நான் பீட்சாவோடு நிறுத்திக்கொள்வேன்.

விறகு அடுப்பு இருக்கும் இடமாக இருந்தால் குழுவாகச் செல்வதற்கு அது பெரிய வசதி. நேப்பிள்ஸ் நகரில் 1984-இல் தொடங்கப்பட்ட நேப்பிள்ஸ் பீட்சா சங்கத்தின் விதிப்படி, அந்த வகைப் பீட்சா 60 முதல் 90 விநாடிகளுக்குள் வெந்துவிட வேண்டும். 400 டிகிரி செல்சியஸைத் தொடும் அடுப்பில்தான் அது முடியும். அத்தகைய அடுப்பில் ஆறு பீட்சா கேட்டாலும் சில நிமிட இடைவெளிக்குள் எல்லாம் வெளியே வந்துவிடும். சாதாரண மின் ஓவனில் ஒரு பீட்சாவுக்குப் பல நிமிடங்கள் ஆகும் என்பதால், அங்கே ஆறு பேரும் பீட்சா கேட்டால் முதலாமவர் சாப்பிட்டு முடித்தபின்தான் ஆறாமவருக்குத் தட்டு வரும்.

படி 2: எண்ணிக்கையை உறுதிசெய்து முன்பதிவு செய்யுங்கள்

"ஆறு பேர், ஒருவேளை எட்டு" என்று சொல்லாதீர்கள். ஆறு என்றால் ஆறு. சிறிய உணவகத்தில் இரண்டு நாற்காலி என்பது இன்னொரு குடும்பத்தின் மேசை. ஏழு பேருக்கு மேல் போனால் பேச்சு தானாகவே இரண்டு கூட்டமாகப் பிரிந்துவிடும் என்பதால், எல்லோரும் ஒரே பேச்சில் கலந்துகொள்ள வேண்டும் என்று விரும்பினால் ஆறு பேரோடு நிறுத்திக்கொள்வது என் பரிந்துரை. அதற்கு மேல் போகும்போது நீண்ட மேசையின் நடுவில் அதிகம் பேசுகிறவர்களை உட்கார வைத்தால் இரு ஓரங்களும் அறுந்துபோகாமல் இருக்கும்.

உணவகம் திறக்கும் நேரத்தை ஒட்டி முன்பதிவு செய்வது எப்போதும் நல்லது. சமையலறையில் நெருக்கடி குறைவு, பரிமாறுபவருக்கு உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்ல நேரம் இருக்கும். கடுமையான ஒவ்வாமை உள்ளவர் யாரேனும் உடன் வருவதாக இருந்தால், அதை மேசையில் உட்கார்ந்தபின் சொல்வதைவிட முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள்.

படி 3: யார் எதைச் சாப்பிட மாட்டார்கள் என்பதை முன்கூட்டியே கேட்டு வையுங்கள்

பல குழுக்கள் தடுக்கி விழும் இடம் இது. இத்தாலியச் சமையலில் வெளியே தெரியாத பொருள்கள் நிறைய உண்டு என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

சைவம் என்பது பட்டியலில் பச்சை இலைக் குறி போட்டிருப்பதோடு முடிந்துவிடுவதில்லை. பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற புகழ்பெற்ற சீஸ், பால் குடிக்கும் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படும் ரென்னெட் என்ற பொருளைக் கொண்டு பாலைத் திரித்துத் தயாரிக்கப்படுகிறது. பெகோரினோ ரோமானோ என்ற செம்மறிப்பால் சீஸுக்கு ஆட்டுக்குட்டியின் ரென்னெட். எனவே இறைச்சி சேராத பாஸ்தாவின் மேல் சீஸ் துருவினாலே கண்டிப்பான சைவர்களுக்கு அது ஆகாமல் போய்விடும். ரிசோட்டோவை மாட்டிறைச்சி அல்லது கோழி வேகவைத்த நீரில் சமைக்கும் வழக்கம் உண்டு. காளான் ரிசோட்டோ என்று பெயர் இருந்தாலும் அந்த நீர் எதனுடையது என்று கேட்டாக வேண்டும். புட்டனெஸ்கா சாஸில் நெத்திலி கரைந்திருக்கும். மினெஸ்ட்ரோனே என்ற காய்கறி சூப்பில் உப்பிட்ட பன்றியிறைச்சித் துண்டுகள் சேர்ப்பதுண்டு. பன்னா கோட்டா என்ற இனிப்பு ஜெலட்டினால் உறைகிறது.

பன்றியிறைச்சி உண்ணாதவர்கள் கார்போனாரா, அமாட்ரிச்சானா ஆகிய இரு பாஸ்தா வகைகளையும் தவிர்க்க வேண்டியிருக்கும்; இரண்டிலும் குவான்சாலே என்ற உப்பிட்ட பன்றிக் கன்னத்து இறைச்சிதான் சுவைக்கு அடிப்படை. போலோன்யா நகரத்து ராகூ என்ற இறைச்சிச் சாஸில் மாட்டிறைச்சியோடு பன்றியிறைச்சியும் ஒயினும் சேர்வது வழக்கம்.

முட்டை சாப்பிடாதவர்களுக்கு ஓர் எளிய வழி உண்டு. ஸ்பகெட்டி, பென்னே போன்ற உலர்ந்த பாஸ்தா பெரும்பாலும் துரம் கோதுமை ரவையும் நீரும் மட்டுமே சேர்ந்தது; தாலியாத்தெல்லே, ராவியோலி போன்ற புதிதாகப் பிசைந்த பாஸ்தாவில் பெரும்பாலும் முட்டை இருக்கும். டிராமிசு என்ற இனிப்பில் பச்சை முட்டை சேர்வதால் கருவுற்ற பெண்கள் அதைப் பற்றிக் கேட்டு அறிவது நல்லது.

கொட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் பெஸ்டோ என்ற பேசில் இலைச் சாஸில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஜெனோவா முறைப்படி அதில் பைன் கொட்டை சேர்கிறது. பல உணவகங்கள் அதற்குப் பதிலாக முந்திரியோ வால்நட்டோ அரைத்துவிடுகின்றன. மொர்டடெல்லா என்ற பதப்படுத்திய இறைச்சியில் பிஸ்தா பதிந்திருக்கலாம். குளூட்டன் என்ற கோதுமைப் புரதம் ஆகாதவர்கள், நியோக்கியில் உருளைக்கிழங்கோடு கோதுமை மாவும் சேர்கிறது என்பதையும், குளூட்டன் இல்லாத பாஸ்தாவையும் சாதாரணப் பாஸ்தா வெந்த அதே நீரில் போட்டால் பயனில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2014 டிசம்பர் முதல் உணவகங்கள் 14 வகை ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றிய தகவலைத் தர வேண்டும் என்பது சட்டம். மற்ற இடங்களில் வாய்விட்டுக் கேட்பதே வழி.

இத்தனைக்கும் நடுவில், குளூட்டன் ஆகாதவர்களைத் தவிர மற்ற எல்லாரும் சேர்ந்து சாப்பிடக்கூடியதாக ஓர் உணவு இருக்கிறது: மரினாரா பீட்சா. பெயரைக் கேட்டு மீன் இருக்குமோ என்று பலர் விலகிப் போகிறார்கள். தக்காளி, பூண்டு, ஒரிகானோ, ஆலிவ் எண்ணெய் என்பதைத் தவிர அதில் ஒன்றுமில்லை, சீஸ்கூடக் கிடையாது.

படி 4: உணவுப்பட்டியலை அதன் வரிசையில் படியுங்கள்

இத்தாலியப் பட்டியல் சாப்பிடும் வரிசையிலேயே அமைந்திருக்கும். ஆன்டிபாஸ்டி என்பவை தொடக்க உணவுகள். பிரிமி என்றால் "முதலாவன": பாஸ்தா, ரிசோட்டோ, சூப் ஆகியவை. செகொண்டி என்றால் "இரண்டாவன": மீனும் இறைச்சியும். கொண்டோர்னி என்பவை அதற்குத் துணையாகத் தனியே கேட்டு வாங்க வேண்டிய காய்கறிகள். இறைச்சித் தட்டில் உருளைக்கிழங்கு இருக்கும் என்று எதிர்பார்த்து ஏமாறுவோர் உண்டு. டோல்ச்சி என்பவை இனிப்புகள். இந்த ஐந்தையும் ஒருவர் ஒரே வேளையில் சாப்பிட வேண்டும் என்ற கட்டாயம் எதுவுமில்லை. இத்தாலியர்களே பெரும்பாலான நாள்களில் அப்படிச் சாப்பிடுவதில்லை.

குழப்பும் சொற்கள் சில உண்டு. இத்தாலிய மொழியில் பெப்பரோனி என்றால் குடைமிளகாய். காரமான இறைச்சி வட்டங்களை எதிர்பார்த்தவருக்குக் காய்கறிப் பீட்சா வந்து சேரும். லாத்தே என்றால் வெறும் பால், காப்பி அல்ல. "சி", "எச்" என்ற எழுத்துகள் சேர்ந்து வந்தால் "க" ஒலி என்பதால், வாட்டிய ரொட்டித் துண்டுகளாலான தொடக்க உணவின் பெயர் புருஸ்கெட்டா, புருஷெட்டா அல்ல. தவறாகச் சொன்னாலும் தட்டு வந்துவிடும் என்பது வேறு செய்தி. மீனுக்கும் ஃபிளாரன்ஸ் நகரத்து மாட்டிறைச்சித் துண்டுக்கும் விலை 100 கிராமுக்கோ ஒரு கிலோவுக்கோ குறிக்கப்பட்டிருக்கலாம். அங்கே எழுதியிருப்பது தட்டின் விலை என்று எண்ணிவிடாமல், எடையைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

ரோமாபுரிக் கார்போனாராவில் கிரீம் கிடையாது. முட்டை, சீஸ், குவான்சாலே, கருமிளகு, பாஸ்தா வெந்த நீர் ஆகியவை சேர்ந்தே அந்த வழுவழுப்பு உண்டாகிறது. ஆறினால் இறுகுவதற்கும் அதுவே காரணம். கிரீம் சேர்த்த வகை சற்று நேரம் தாங்கும், ஆனால் அது வேறு உணவு. போலோன்யா ராகூவின் செய்முறையை இத்தாலியச் சமையல் கழகம் 1982-இல் அந்நகர வணிகச் சபையில் பதிவே செய்து வைத்தது. அந்த ஊர்க்காரர்கள் அதை அகலமான தாலியாத்தெல்லேயோடுதான் உண்பார்கள், ஸ்பகெட்டியோடு அல்ல. அகலமான பட்டையில் கெட்டிச் சாஸ் ஒட்டிக்கொள்ளும், மெல்லிய இழையில் நழுவித் தட்டின் அடியில் தங்கிவிடும்.

படி 5: ஒரே ஆள், இரண்டு சுற்றாக ஆர்டர் செய்யுங்கள்

முழு மாலையும் இந்தப் படியைப் பொறுத்தது. முதலில், மேசைக்கு ஒருவரைப் பேச்சாளராக நியமியுங்கள். அவர் எல்லோரிடமும் கேட்டுக் கைப்பேசியில் குறித்துக்கொண்டு, பரிமாறுபவரிடம் அவர் மட்டுமே பேசட்டும். ஆறு பேர் ஒரே நேரத்தில் பேசி, இருவர் நடுவில் மனம் மாறினால் எந்தச் சமையலறைக்கும் சரியான சீட்டு போகாது.

முதல் சுற்றில் தொடக்க உணவுகளையும் பானங்களையும் மட்டும் சொல்லுங்கள். ஆன்டிபாஸ்டியில் பல ஆறிய நிலையிலேயே பரிமாறப்படுபவை என்பதால், தாமதமாக வரும் நண்பருக்காகக் காத்திருக்கவும் அவை பொறுத்துக்கொள்ளும். ஆறு பேருக்கு மூன்று தட்டுகள் போதும். பானத்தில் பெரிய கணக்கில்லை: 750 மில்லி ஒயின் புட்டியில் ஐந்து கோப்பை வரும், தண்ணீர் கேட்கும்போது சாதாரணமா, வாயு ஏற்றியதா என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது சுற்றை, தொடக்க உணவு பாதி முடிந்திருக்கும்போது சொல்லுங்கள். இங்கே என் விதி ஒன்றே ஒன்றுதான்: பேர் எத்தனை இருந்தாலும் பாஸ்தா வகை மூன்றுக்கு மேல் போகக் கூடாது. சிறிய சமையலறையில் பாஸ்தாவை முடிக்கும் அடுப்புகள் நான்கோ ஐந்தோதான் இருக்கும். ஒவ்வொரு வகைக்கும் ஒரு வாணலி வேண்டும், ஒவ்வொன்றையும் கடைசி நிமிடத்தில் சாஸில் புரட்டி எடுக்க ஒரு கை வேண்டும். ஒரே வகையில் இரண்டு தட்டு கேட்டால் இரண்டும் ஒரே வாணலியில் தயாராகிவிடும். ஆறு வகை கேட்டால், முதல் தட்டு மேசைக்குப் போவதா, ஆறாவது தட்டுக்காகச் சமையலறை விளிம்பில் காத்திருப்பதா என்ற சிக்கல் வருகிறது. இரண்டுமே ஆறிப்போகும் வழிதான்.

ரிசோட்டோ தனி விவகாரம். அர்போரியோ, கார்னரோலி போன்ற அரிசியைச் சூடான நீர் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கிளறி வேகவைக்க ஏறத்தாழ 18 நிமிடம் பிடிக்கும் என்பதால், குறைந்தது இருவர் கேட்டால்தான் சமைப்போம் என்று பல உணவகங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. யாருக்கேனும் ரிசோட்டோ வேண்டுமென்றால் அதை முதல் சுற்றிலேயே சொல்லி, "பாஸ்தாவோடு சேர்த்துக் கொண்டுவாருங்கள்" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆறு பேருக்கு நான் வழக்கமாகச் சொல்லும் வரிசை இது. முதல் சுற்றில் தக்காளியோடு புராட்டா என்ற மென்மையான சீஸ் ஒன்று, ஒரு தட்டு புருஸ்கெட்டா, மேசை நடுவில் வைத்து எட்டாக வெட்டிப் பகிர ஒரு மரினாரா பீட்சா. இரண்டாவது சுற்றில் தக்காளிச் சாஸ் சேர்ந்த பொமொதோரோ ஸ்பகெட்டி இரண்டு, காரமான அராபியாட்டா பென்னே இரண்டு, அன்றைய சிறப்பு உணவு இரண்டு, கூடவே ஒரு பச்சை இலைச் சாலட். இத்தாலியில் ஒருவருக்கான பாஸ்தா உலர்ந்த எடையில் 80 முதல் 100 கிராம்தான். வெளிநாடுகளில் பல உணவகங்கள் அதைவிட அதிகமாகவே வைக்கின்றன என்பதால், பக்கத்து மேசையின் தட்டை ஒருமுறை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு அளவைத் தீர்மானிப்பதில் வெட்கமில்லை.

செகொண்டி வேண்டுமா? பசி பலமாக இருந்தால், பாஸ்தாவை இருவருக்கு ஒன்றாகப் பகிர்ந்துகொண்டு, அதன்பின் மீனோ இறைச்சியோ கேளுங்கள். இரண்டையும் முழுத் தட்டாகக் கேட்ட குழுவில் இரண்டாவதை ரசித்துச் சாப்பிட்டவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

படி 6: வந்தவுடன் சாப்பிடுங்கள்

ஆர்டர் செய்யும் முன்பே மேசையில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள்: தட்டு வந்தவர் வந்தவுடன் தொடங்கலாம், யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். படம் எடுக்க விரும்புகிறவர் ஒரே ஒரு படம் எடுக்கலாம். நாற்காலி மேல் ஏறுவது கூடாது.

ஸ்பகெட்டியைக் கத்தியால் வெட்ட வேண்டாம். முள்கரண்டியைக் குவியலின் நடுவில் குத்தினால் பாதித் தட்டு சுருண்டுகொண்டு வரும். தட்டின் ஓரத்தில் மூன்று நான்கு இழைகளை மட்டும் பிரித்தெடுத்து, முனையைத் தட்டில் ஊன்றிச் சுழற்றினால் வாய்க்கு அடங்கும் சுருள் கிடைக்கும். மீனோ சிப்பியோ சேர்ந்த பாஸ்தாவின் மேல் இத்தாலியர்கள் பொதுவாகச் சீஸ் துருவுவதில்லை. உங்கள் தட்டு உங்கள் விருப்பம், ஆனால் ஒரு வாய் சீஸில்லாமல் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கேளுங்கள். பாஸ்தாவைக் கடித்தால் நடுவில் மெல்லிய எதிர்ப்பு இருப்பது அல் தெந்தே என்ற பதம், வேகாத குறை அல்ல. அதே நேரத்தில் ஆறிப்போன தட்டையோ, வேண்டாம் என்று சொன்ன பொருள் சேர்ந்த தட்டையோ திருப்பி அனுப்பத் தயங்காதீர்கள். பாதி சாப்பிட்டபின் சொல்வதைவிட முதல் வாயிலேயே சொல்வது இருவருக்கும் நல்லது.

நேப்பிள்ஸ் பீட்சாவின் நடுப்பகுதி ஈரமாகவும் தளதளவென்றும் இருக்கும். அதற்குக் கத்தியும் முள்கரண்டியும் பயன்படுத்துவது இத்தாலியில் சாதாரணம். சாஸ் மீந்த தட்டை ரொட்டித் துண்டால் வழித்துச் சாப்பிடுவதை அவர்கள் "ஸ்கார்பெட்டா", அதாவது குட்டிச் செருப்பு என்பார்கள். மிக முறையான விருந்தில் செய்ய மாட்டார்கள். நண்பர்கள் மத்தியில் செய்யாமல் இருக்கவும் மாட்டார்கள்.

படி 7: இனிப்பும் காப்பியும்

இனிப்பை ஆளுக்கொன்றாகக் கேட்க வேண்டாம். மூவருக்கு ஒரு தட்டும் கூடுதல் கரண்டிகளும் போதும். டிராமிசுவை முன்கூட்டியே செய்து குளிரவைத்திருப்பார்கள் என்பதால் உடனே வரும். அஃபொகாட்டோ கேட்டால் ஐஸ்கிரீமின் மேல் சூடான எஸ்பிரெஸோ ஊற்றித் தருவார்கள். இனிப்பும் காப்பியும் ஒன்றாக முடிந்துவிடும். இத்தாலியில் கப்புச்சினோ காலைக்குரியது, உணவுக்குப் பின் எஸ்பிரெஸோதான். வயிறு நிறைந்தபின் அவ்வளவு பால் எதற்கு என்பது அவர்கள் வாதம், அதில் எனக்கும் உடன்பாடுதான்.

படி 8: பில்

பிரிக்கும் முறையை ஆர்டர் செய்யும் முன்பே முடிவுசெய்துவிடுங்கள். மொத்தத்தைத் தலைக்குச் சமமாகப் பிரிப்பதை இத்தாலியர்கள் "ரோமானியர் முறையில் கொடுப்பது" என்கிறார்கள். தொடக்க உணவையும் இனிப்பையும் பகிர்ந்த குழுவுக்கு அதுவே எளிது. மது அருந்தாதவர் இருந்தால் ஒயின் தொகையை மட்டும் தனியே எடுத்து, குடித்தவர்களுக்குள் பிரித்துவிடுங்கள். அவர் தாமாகக் கேட்கும்வரை காத்திருப்பது அழகல்ல. இத்தாலியில் "கொபெர்த்தோ" என்ற பெயரில் ஆளுக்கு ஒரு சிறு தொகை பில்லில் சேரும். அது மேசைக்கும் ரொட்டிக்குமான கட்டணம், டிப்ஸ் அல்ல. மற்ற இடங்களில் சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு டிப்ஸைத் தீர்மானியுங்கள். பல இத்தாலிய உணவகங்களில் நீங்கள் கேட்காமல் பில் வராது. அது அலட்சியம் அல்ல, உங்களை எழுப்பிவிட விரும்பாத மரியாதை.

மீந்ததைக் கட்டித் தரச் சொல்வதானால், எது மறுநாள் தாங்கும் என்று பார்த்துக் கேளுங்கள். அடுக்கடுக்கான பாஸ்தாவான லசான்யா மறுநாள் இன்னும் நன்றாகவே இருக்கும். பீட்சாத் துண்டுகளை எண்ணெய் இல்லாத வாணலியில் மூடி போட்டுச் சூடாக்கினால் அடிப்பகுதி மீண்டும் மொறுமொறுப்பாகும். ரிசோட்டோவை உருண்டை பிடித்துப் பொரிக்கலாம். கார்போனாராவைக் கட்டிக்கொண்டு போக வேண்டாம். மேசையில் இன்னும் பசியோடு இருக்கும் யாரிடமாவது தட்டை நகர்த்திவிடுங்கள்.